அம்மாக்கு ரெண்டு ரஜாய்

மகளுக்குக் கல்யாணம் முடிந்து தலைதீபாவளி வரைக்கும் மாப்பிள்ளையோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார்க்காரி மருமகன் முகத்துக்கு நேரே நின்று பேசுகிற வழக்கம் இல்லை, அம்புட்டுத்தான். எனக்கு அது ரொம்ப வசதியாகவும் இருந்தது. பால்காரரிடம் பேசவே எனக்குக் கூச்சம்.

மாப்பிள்ளை முன்னறையில் உட்கார்ந்திருந்தால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். "இன்னொரு தோசை வைக்கவான்னு கேளு" என்று மகளிடம் சொல்வேன். மகள் வாயைத் திறப்பதற்குள் அவர் "போதும்னு சொல்லு" என்பார். ரெண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். மகள் குளிக்கப் போய்விட்டால் நான் மிக்ஸியைப் பார்த்துச் சொல்வேன்: "சட்னி நெறையா இருக்கு, போட்டுக்கிடலாம்." மிக்ஸி பேசாமல் இருக்கும். மாப்பிள்ளை போட்டுக்கொள்வார்.

இதில் குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று எனக்குள் கிடந்தது. என் மகளுக்குச் சின்ன வயசிலிருந்து மூச்சிளைப்பு உண்டு. வெயிலில் அலைவாள், மழையில் நனைவாள், ஒன்றும் செய்யாது. முதுகில் குளிர் ஏறினால் போச்சு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும், உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. கல்யாணம் பேசும்போதே சொல்லத்தான் செய்தோம். கேட்டவர்கள் காதில் அது ஏதோ தும்மல் மாதிரி விழுந்திருக்கும். மதுரையில் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை. இந்த ஊரில் குளிரை யார் பார்த்தார்கள்? மார்கழியிலும் எங்கள் வில்லாபுரத்து வீட்டில் பேன் ஓடும். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே போனதிலிருந்துதான் கவலை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி பிறந்ததும் மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். வெளியே நல்ல மழை. போனுக்குள்ளேயும் மழை பெய்கிற மாதிரி ஒரே கொரகொரப்பு.

"அம்மா, தீபாவளி முடிஞ்சதும் நானும் அவரும் கொடைக்கானல் போறோம். ஊருக்குள்ள இல்லம்மா, மேல காட்டுப் பக்கம்."

"குளிருமேடி!"

"அதுக்குத்தாம்மா போன் பண்ணேன். அவரு அம்மாக்கு ரெண்டு ரஜாய் தைக்கணும்."

"யாருக்கு?"

"அம்மாக்கும்மா! மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பத்து டிகிரி குளிரு தாங்கணும், அஞ்சுன்னாலும் சமாளிக்கணும். பஞ்சுக்கடை பாய்கிட்ட சொல்லி பஞ்சு அடைச்சு நல்லாத் தைக்கச் சொல்லு."

அதற்கப்புறம் பாதிப் பேச்சு மழையில் போய்விட்டது. கடைசியில், "ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிட்டா ஜம்முன்னு இருக்கும்மா" என்று கேட்டது. லைன் செத்துவிட்டது.

நான் போனை வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தி, ஆரப்பாளையத்தில் இருக்கிறார்கள். நல்ல ஆகிருதி. அவர்கள் ஏறினால் ஆட்டோ ஒரு பக்கமாகக் குனிந்து வணக்கம் சொல்லும். அவர்களை ரெண்டு மரத்துக்கு நடுவில் கட்டித் தொங்கவிடுவதா? பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? கொஞ்ச நேரம் யோசித்து, அது ஊஞ்சலாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதோடு எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. சம்பந்தி அம்மாவும் கூடப் போகிறார்கள் என்றால் நல்ல ரூமாகத்தான் எடுப்பார்கள். என் மகள் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பாள்.

என் வீட்டுக்காரருக்குக் கீழமாசி வீதியில் ஒரு புளி, மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கு வேலை. அவர் வந்ததும் சொன்னேன்.

"தலதீபாவளிக்கு மாப்ள வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்" என்றார். "மோதிரம் கேக்கல, வண்டி கேக்கல. பெத்த தாய்க்குப் போர்வை கேக்குறாரு. தங்கமான மனுசன். நல்ல வெல்வெட்டாப் பாத்துத் தச்சிரு."

பஞ்சுக்கடை பாயிடம் போனேன். கூடவே பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன், பேசுவதற்கு. அக்கா சொன்னாள்: "பாய், பத்து டிகிரிக்கு ஒண்ணு, அஞ்சு டிகிரிக்கு ஒண்ணு, ரெண்டு ரஜாய் வேணும்."

பாய் பஞ்சுக் கையை உதறினார். "எங்கிட்ட டிகிரி இல்லம்மா, கிலோதான் இருக்கு. எத்தன கிலோ போடட்டும்?"

எனக்குத் தெரிந்த டிகிரி காய்ச்சல் டிகிரிதான். தொண்ணூற்றெட்டு என்றால் பள்ளிக்கூடம் போகணும், நூறைத் தாண்டினால் ஆஸ்பத்திரி போகணும். பத்து டிகிரி என்றால் ஆளே இருக்க மாட்டாரே என்று மனசுக்குள் நினைத்தேன், சொல்லவில்லை. கடைசியில் பாயே ஒரு முடிவு எடுத்தார். "போத்துறவங்க எப்பிடி, ஒல்லியா குண்டா?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "அப்ப அகலமா வெட்டணும்" என்று அவர் அளந்துவிட்டார். மேலே போர்த்த ஒன்று, கீழே விரிக்க ஒன்று. ரத்தச் சிவப்பு வெல்வெட்டில் மஞ்சள் பூப் போட்டது. ரெண்டையும் சேர்த்துத் தூக்கினால் ஒரு கன்னுக்குட்டி கனம்.

தீபாவளிக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் அதைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் போனோம். சம்பந்தி அம்மா கையில் விசிறியோடு கதவைத் திறந்தார்கள். ரஜாயைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது.

"என்ன சம்பந்தி இது? நான் என்ன சீக்கு வந்து படுத்துக் கெடக்கேனா? இந்த வேக்காட்டுல நூல் சேலையவே உடுத்த முடியல!"

நான் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர்தான் சொன்னார்: "இல்லீங்க, ஒங்க மகன்தான் கேட்டாராம். கொடைக்கானலுக்கு நீங்களும் போறீங்கல்ல, அம்மாவுக்குக் குளிரக் கூடாதுன்னு..."

சம்பந்தி அம்மாவுக்கு விசிறி நின்றுவிட்டது. "என் மகனா? எனக்கா? ஒரு சேல எடுத்துக் குடுக்கணும்னு நெனப்பு வராத பய... என்னயும் கூட்டிட்டுப் போறானா?" கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எங்களை இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் என்று கறிக்குழம்பு வைத்தார்கள். நாங்கள் கிளம்பியதும் தெருவெல்லாம் ரஜாயைக் காட்டியிருக்கிறார்கள். மகன் மேல் உள்ள பாசத்தில் ரெண்டு நாள் மத்தியானம் அதைப் போர்த்திக்கொண்டும் படுத்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு பூத்துவிட்டது. கடைத்தெருவுக்குப் போய்க் குரங்குக் குல்லா ஒன்றும் வாங்கினார்களாம்.

தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை ஒரு சின்னப் பையை எடுத்தார். கத்தரிக்காய் அளவுதான் இருக்கும். அதற்குள்ளிருந்து வழவழவென்று ஒரு பச்சைத் துணி வந்துகொண்டே இருந்தது. கம்பெனி வேலையாக வெளிநாடு போனபோது வாங்கினாராம். ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும் மறு முனையை மாடிப்படிக் கம்பியிலும் கட்டினார்.

பார்த்தால், தூளி! பச்சைப் பிள்ளைக்குக் கட்டுகிற தூளி.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள! விசேஷமா? சொல்லவே இல்லயே!"

"அப்பா!" என்று மகள் கத்தினாள். "அது பிள்ளைக்கு இல்லப்பா. அவருக்கு. அவரு படுக்குறதுக்கு."

"மாப்ள தூளியில படுப்பாரா?"

"இது பேரு ஹம்மாக் மாமா" என்றார் மாப்பிள்ளை. "காட்டுல ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுக்குறது. இதுக்குத்தான் ரஜாய் கேட்டிருந்தேன். ஹம்மாக்குக்கு."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். ஹம்மாக்கு. அம்மாக்கு. சம்பந்தி அம்மாவைத் தொங்கவிடப் போவதில்லை. அந்தமட்டும் சந்தோஷம். ஆனால் ரூமும் இல்லை. காட்டில், மரத்தில், துணியில் என் மகள் படுக்கப் போகிறாள். அவளுக்கும் ஒன்று வாங்கியிருந்தார், ஊதா நிறத்தில். ரஜாய் ரெண்டும் அவளுக்கு, அவருக்குக் கம்பளிச் சட்டை போதுமாம்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி அம்மா ரஜாய் ரெண்டையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், கையில் குல்லாவோடு. விஷயத்தைக் கேட்டதும் தூளியைக் கையால் தட்டிவிட்டார்கள்.

"ஏன்டா, அந்த அம்மாக்குக்கு வெல்வெட்டு, இந்த அம்மாக்கு வேர்க்குருவா?"

மாப்பிள்ளை தூளியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மா, நீயும் வாம்மா, ஒனக்கு ரூம் போட்டுருவோம்..."

"வேணாம்ப்பா. மரத்துல தொங்குறவனுக்குக் கீழ காவல் நிக்க நான் என்ன தேனெடுக்கிற ஆளா? ரஜாய நீயே எடுத்துட்டுப் போ." குல்லாவையும் அவர் தலையில் மாட்டிவிட்டுப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இம்புட்டையும் மகன் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதே என்று பொறாமையாகவும் இருந்தது.

அன்று மகளை அடுப்படிக்குள் இழுத்தேன். "நீ ரூம்ல படு. அவர்ட்ட சொல்லு."

"ஒண்ணும் ஆகாதும்மா. அவரு ஆசையா வாங்கியிருக்காரு. எனக்கும் ஆசையா இருக்கு."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தலதீபாவளி அதுவுமா மாப்ள மனசு நோகும்" என்றார். மிக்ஸியிடம் சொல்லிப் பார்த்தேன். "சில பேருக்கு முதுகுல குளிரு பட்டா ஆகாது." மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், எழுந்துபோய் பேனைக் குறைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரஜாய் எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்க்காமல் மலைக்குப் போகக் கூடாது, ஆனால் மதுரையில் எங்கே வைத்துப் பார்ப்பது? என் வீட்டுக்காரர் சொன்னார்: "எங்க மண்டி மொதலாளிக்கு மேலூர் ரோட்டுல குளிர் குடோன் இருக்கு மாப்ள. புளி ரூம் பத்து டிகிரி, வத்தல் ரூம் அஞ்சு டிகிரி. கதவுலயே மீட்டரு இருக்கு. வேணும்னா சொல்லுங்க." மாப்பிள்ளை குழந்தை மாதிரி துள்ளினார்.

நானும் வருவேன் என்று சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தூக்கில் புளியோதரை இருந்தது.

குடோன் மேஸ்திரி எங்களையும் ரஜாயையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் காதுக்குள் கேட்டார்: "அண்ணே, வீட்டுல ஏதும் பிரச்சினையா? குடி வர்றீங்களா?"

"சும்மா இருய்யா. மாப்ள படுத்துப் பாக்கப் போறாரு."

"நல்லாப் பாருங்க. புளி மூடையே இங்க கம்பளி கேக்காமக் கெடக்கு."

புளி ரூமுக்குள் நுழைந்ததும் பனிக்கட்டியை வாயில் போட்ட மாதிரி பல்லெல்லாம் கூசியது. ரெண்டு இரும்புத் தூணுக்கு நடுவில் மாப்பிள்ளை தூளியைக் கட்டினார். கீழ் ரஜாயை உள்ளே விரித்தார். ஜீன்ஸ், கம்பளிச் சட்டை, அம்மா வாங்கின குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார். "நல்லாருக்கு மாமா! குளிரே இல்ல!"

இறங்கிவிட்டு, "இப்ப நீ படு" என்று மகளிடம் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றினாள்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "நான் படுக்குறேன்" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்றால், ஒரு புளி மூட்டையைப் பார்த்து.

தூளியில் ஏறுவது லேசில்லை. நான் உட்காரப் போனால் அது விலகிப் போனது. பிடித்து உட்கார்ந்தால் அந்தப் பக்கமாகக் கவிழப் பார்த்தது. மகள் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம், மேஸ்திரி தலைமாட்டில், "அக்கா, கால முன்னால போடுங்க, இல்ல, தலைய, இல்ல, அப்பிடியே விழுந்துருங்க" என்று யோசனை. விழுந்தேன். துணி ரெண்டு பக்கமும் மேலே ஏறி வந்து மூடிக்கொண்டது. மேலே ரஜாயைப் போட்டார்கள். பஜ்ஜிக்குள் வாழைக்காய் மாதிரி இருந்தேன்.

மேலே நல்ல கதகதப்பு. ஆனால் கீழே? கொஞ்ச நேரத்தில் ஈரத் தரையில் படுத்த மாதிரி முதுகு விறைத்தது. பஞ்சுக்கடை பாய் அடைத்த பஞ்செல்லாம் என் கனத்தில் அப்பளமாக அமுங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை இருந்தது, எனக்கு நூல் சேலைதானே.

"முதுகு குளிருது" என்றேன்.

"அத்தைக்கு முதுகு குளிருதாம்" என்று என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் சொன்னார், பழக்கத்தில்.

"அப்ப உள்ள விரிக்கக் கூடாது மாமா" என்றார் மாப்பிள்ளை. "படிச்சதுலயும் அப்பிடித்தான் போட்டிருந்துச்சு. கீழ் ரஜாய் தூளிக்கு வெளிய, அடியில தொங்கணும். பஞ்சு அமுங்காம இருந்தாத்தான் சூடு நிக்கும். பஞ்சுக்கடை பாய், கட்டுறதுக்குக் காது வச்சுத் தைக்கலயேன்னுதான் உள்ள போட்டேன்."

மேஸ்திரி மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்தார். ரஜாயின் நாலு மூலையையும் தைத்து, என்னையும் தூளியையும் சேர்த்து அடியில் ஒரு தொட்டி மாதிரி கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குச் சூடு வந்தது. நிஜமாகவே வந்தது. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

"பத்துக்குச் சரி. அஞ்சுக்கும் பாத்துருவோம்" என்றார் மாப்பிள்ளை.

வத்தல் ரூம் பக்கம் என் மகளை நான் விடவில்லை. அந்த நெடி அவளுக்கு ஆகாது. அவள் வெளியே புளியோதரையோடு உட்கார்ந்தாள். மறுபடி கட்டி, மறுபடி என்னை ஏற்றினார்கள். வீட்டுக்காரருக்கு உள்ளே வந்ததுமே தும்மல் பிடித்துக்கொண்டது. "வாரேன்... அச்சு... வாரேன்" என்று வெளியே ஓடினார். அவருக்குத் தண்ணி எடுக்க மேஸ்திரி போனார்.

நடுவில் ஆள் இல்லை. மிக்ஸி இல்லை. அங்கே இருந்தது வத்தல் மூட்டைகளும் மாப்பிள்ளையும் நானும்தான்.

தூளிக்குள் படுத்திருப்பதில் ஒரு சௌகரியம், துணி ரெண்டு பக்கமும் மூடியிருப்பதால் யார் முகமும் தெரியாது. மேலே கொஞ்சம் போல கூரைத் தகரம் தெரியும். என் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது. எனக்கு முதுகில் சில்லென்று ஏறியது. கால் விரல் மரத்தது. ரெண்டு ரஜாயும் அஞ்சு டிகிரிக்குப் பத்தவில்லை. என் மகள் நெஞ்சுக்குள் கத்துகிற பூனைக்குட்டி ஞாபகம் வந்தது. கூரைத் தகரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மாப்பிள்ளை."

வெளியே கம்பளிச் சட்டை உரசுகிற சத்தம் கிட்டே வந்தது.

"மாப்பிள்ளை, என் மகளுக்கு முதுகுல குளிரு பட்டா... அச்சு... மூச்சு விட முடியாது. அது சளி இல்ல, இளைப்பு. ராத்திரி பூரா உக்காந்தே இருப்பா. ஒங்ககிட்ட சொல்ல மாட்டா, நீங்க ஆசைப்பட்டதுன்னு. பத்து டிகிரின்னா... அச்சு... கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் கீழ எறங்குனா நாலு செவுத்துக்குள்ளதான் அவ படுக்கணும். அம்புட்டுத்தான்."

தும்மல் வந்ததில் தூளி ஊஞ்சலாடியது. அவர் கை வந்து பிடித்து நிறுத்தியது.

"சரி அத்தே" என்றார். அவருக்கும் தும்மல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "இம்புட்டு நாளா நீங்க என்மேல ஏதோ கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். வேற ஏதாச்சும் சொல்லணுமா? சொல்லிருங்க. அப்புறமா எறக்கி விடுறேன்."

சொன்னேன். மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தை அவள் பைக்குள் போட்டுத் தொலைத்துவிடுவாள், அதனால் அது அவர் சட்டைப் பையில் இருக்கணும். ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கணும். தயிர் கூடாது. அவர் தலைமுடியை இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டினால் நன்றாக இருக்கும். இந்தக் கடைசி ஒன்று எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. வாய் திறந்த வேகத்தில் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை என் ரெண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர்கள் கொடைக்கானல் போனார்கள். அன்று ராத்திரி நான் என்ன பாடுபட்டேன் என்று எழுதப்போவதில்லை. விடிந்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"அத்தே, நான்தான்" என்றார் மாப்பிள்ளை. "மொதல்ல பன்னெண்டு டிகிரி இருந்துச்சு. நல்லாத் தூங்குனா. அப்புறம் ஒம்பதுக்கு எறங்கிருச்சு. எழுப்பி, பக்கத்துல இருந்த காட்டு பங்களா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்."

"காப்பி குடிச்சீங்களா?" என்றேன்.

"இனிமேத்தான் அத்தே. இருங்க, ஒங்க மக புடுங்குறா."

மகள் போனைப் பிடுங்கினாள். "ஏம்மா, நீ இவர்ட்ட என்னம்மா சொல்லி வச்ச? நல்லாத் தூங்கிட்டு இருந்தவள எழுப்பி, தூக்கக் கலக்கத்துல அந்தத் தூளியில இருந்து கீழ விழுந்து, முழங்காலச் செராச்சு, மேட்டுல நடக்கவிட்டு, ஒரு டிகிரிக்காகம்மா, ஒரே ஒரு டிகிரி, எனக்கு ஒண்ணுமே ஆகலன்னு சொல்றேன், மீட்டரு மூஞ்சிக்கு நேர காட்டுறாரு, வீட்டுக்கு வந்து வச்சுக்கிறேன் ஒன்ன..."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. ஒரு இழுப்பு இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. அம்புட்டையும் ஒரே மூச்சில் திட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசம் வந்தது. வழியட்டும் என்று நின்றேன், அவள் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று.